உம்மும்மாவின் குரலும் 64 கிலோபிட்டும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் போன நோன்பு காலத்தில் ஒரு பதிவைப் போட்டேன். 1980களில் கசெட்டில் பதிந்த உம்மும்மாவின் தாலாட்டு. உறவினர் ஒருவர் அதை 64 கிலோபிட் எம்.பி.3 ஆக்கி அனுப்பியிருந்தார். உம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "குரல் அவடதான் மகன். ஆனா தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி" என்றா.

உம்மா சொன்னது சரியே. உரத்த ஒலி தன் பக்கத்திலுள்ள மெல்லிய ஒலியைக் காதுக்கு மறைத்துவிடும். அந்த மெல்லியதை எறிந்துதான் எம்.பி.3 சுருங்குகிறது. கசெட்டின் இரைச்சலுக்கு ஒழுங்கே கிடையாது. இருக்கிற சொற்ப பிட்டுகளை அது தின்றுவிட, குரலுக்கு மிச்சம் குறைகிறது. முதலில் அடிபடுவது ஸீன், ஸாத், ஷீன் போன்ற சீறும் எழுத்துகள். அடுத்தது றபான்: அடி விழுமுன்பே ஒரு மங்கல் ஒலி கசியும். உச்சரிப்பையும் தாளத்தையும் ஆராய்கிறவருக்கு இவை இரண்டும் போனால் என்ன மிஞ்சும்?

கொட்டாஞ்சேனையில் நண்பரிடம் ஓடக்கூடிய பழைய டெக் ஒன்று இருந்தது. அதே கசெட்டை 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக ஏற்றினோம். அதிலிருந்து 64, 320 கிலோபிட் பிரதிகளும் எடுத்து, பெயரை மறைத்து மாற்றி மாற்றிப் போட்டோம். 64ஐ உம்மா ஒவ்வொரு தடவையும் பிடித்தா. 320க்கும் வேவுக்கும் வித்தியாசம் உம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதை மறைப்பது நேர்மையல்ல.

அப்படியானால் வேவ் எதற்கு? கேட்பதற்கு 320 போதும், பாதுகாப்பதற்குப் போதாது. இரைச்சலைக் குறைக்கவோ வெட்டி ஒட்டவோ திறந்து, திரும்ப எம்.பி.3 ஆகச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இழப்போம். ஒரு மணி நேர ஸ்டீரியோ வேவ் சுமார் 635 மெகாபைட். 2001இல் வந்த ஃப்ளாக் ஒரு பிட்டையும் இழக்காமல் அதை ஏறத்தாழப் பாதியாக்கும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேண்டும் என்கிறது. நாங்கள் செய்தது அதற்கும் கீழேதான். கசெட் கையில் இருப்பதால் திரும்பவும் ஏற்றலாம்.

பக்கீர் பைத்தையும் தாலாட்டையும் தொகுக்கும் நம்மவர்கள் சொற்களை அச்சேற்றியதோடு வேலை முடிந்ததென நினைக்கிறார்கள். ஒலியும் மூலப்பிரதிதான். அந்த உறவினர் மற்ற இரண்டு கசெட்டுகளையும் ஏற்றியதும் எறிந்துவிட்டார். அவற்றில் உம்மும்மா இனி எப்போதும் தண்ணிக்குள் இருந்துதான் பாடுவா.