திம்புக்டு மேடையில் ஒரு விருந்தாளி

2012 ஜனவரி நடுப்பகுதியில், மாலி நாட்டின் திம்புக்டு நகரத்துக்கு வெளியே மணல்மேடுகளுக்கிடையில் ஓர் இசை விழா நடந்தது. தினாரிவென் என்ற துவாரெக் இசைக்குழு மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது, யாரும் எதிர்பாராத ஒருவர் மேடை ஏறினார். 'யூ டூ' குழுவின் ஐரிஷ் பாடகர் பொனோ. உலகின் மிகப் பெரிய விளையாட்டரங்குகளை நிரப்பிப் பாடுகிற மனிதர். கை தட்டினார், ஆடினார், அவர்களுடைய பாட்டில் தன்னுடைய குரலையும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

உலகச் செய்திகளில் தலைப்பு அவருக்கே போனது. பாலைவனத்தில் பொனோ பாடினார் எண்டுதான் செய்தி. தினாரிவென் என்ற பெயர் அதற்குக் கீழே, இரண்டாவது மூன்றாவது வரியில் வந்தது. வீட்டுக்காரர் விருந்தாளியாகவும் விருந்தாளி வீட்டுக்காரராகவும் மாறிப்போன கதை இது. இதைப் பத்திரிகைக்காரரின் வழமை எண்டு விட்டுவிடலாம். ஆனால் அதே ஆண்டில் அந்த நகரத்துக்கு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தலைப்பில் மறைந்தது ஒரு குழுவின் பெயர் மாத்திரமல்ல என்பது விளங்கும்.

முதலில் வீட்டுக்காரர் யார் என்று பார்ப்போம்.

தினாரிவென் என்ற சொல்லுக்கு 'பாலைவனங்கள்' என்று பொருள். குழுவின் தலைவர் இப்ராஹீம் அக் அல்ஹபீப், மாலியின் வடக்கே தெஸ்ஸாலித் பகுதியில் பிறந்தவர். 1963இல் நடந்த துவாரெக் கிளர்ச்சியின்போது அவருடைய தகப்பனை அரச படையினர் கொன்றார்கள். அப்போது பிள்ளைக்கு வயது நான்கு அளவில்தான். பிறகு அல்ஜீரியாவுக்கு அகதி வாழ்க்கை. தகர டின் ஒன்று, ஒரு தடி, சைக்கிள் பிரேக் கம்பி, இவற்றைக்கொண்டு தனது முதலாவது கிட்டாரை அவரே செய்துகொண்டார். 1979 அளவில் தமன்ராஸெத் நகரில் குழு உருவாகத் தொடங்கியது.

எழுபதுகளின் பெரும் வரட்சியில் ஆடும் ஒட்டகமும் செத்துப்போக, துவாரெக் இளைஞர்கள் வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் அலைந்தார்கள். அவர்களுக்கு 'இஷூமார்' என்று பெயர் விழுந்தது. வேலையற்றவன் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எண்பதுகளில் கடாபியின் இராணுவ முகாம்களில் இவர்களில் பலர் பயிற்சி பெற்றார்கள். தினாரிவென் ஆட்களும் அங்கே இருந்தார்கள். துவக்கோடு கிட்டாரும் போனது. வெற்றுக் கசெட் கொண்டுவந்து கொடுத்தால் காசு வாங்காமல் பாட்டைப் பதிந்து கொடுத்தார்கள். அந்தக் கசெட்டுகள் கைமாறிக் கைமாறி சஹாரா முழுக்கப் போயின. வானொலியோ பத்திரிகையோ இவர்களைக் கவனிக்காத காலத்தில், நாடில்லாமல் சிதறிய ஒரு மக்கள்கூட்டத்துக்குக் கசெட்டே பத்திரிகையாக இருந்தது.

இவர்களுடைய பாடல்களின் அடிநாதமாகச் சொல்லப்படுவது 'அஸூஃப்' என்ற உணர்வு. ஏக்கம், தனிமை, ஊர் நினைவு எல்லாம் சேர்ந்த ஒரு தமஷேக் சொல். தமிழில் ஒரே சொல்லாகக் கொண்டுவருவது கஷ்டம். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட எங்கட சனங்களுக்கு அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

ஆக, அந்த மேடையில் பொனோ ஏறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பயணம் இது. கிடால் நகரத்து வானொலி நிலையத்தில் பதியப்பட்டு 2001இல் வெளிவந்த இசைத்தட்டு அவர்களை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டில் 'பாலைவன விழா'வும் தொடங்கியது. துவாரெக் மக்கள் பருவத்துக்குப் பருவம் ஒன்றுகூடும் பழைய வழக்கத்தின் மேலே கட்டப்பட்ட விழா அது. 2003 முதல் எஸ்ஸக்கானே என்ற இடத்தில் நடந்தது. பாதுகாப்புக் காரணமாக 2010இல் திம்புக்டு நகருக்கு அருகே கொண்டுவரப்பட்டது. 2011 நவம்பரில், விழாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், அதே நகரில் வெளிநாட்டவர் மூவர் கடத்தப்பட்டார்கள். தடுத்த ஒருவர் கொல்லப்பட்டார். அப்படியிருந்தும் பொனோ வந்தார். அந்தத் துணிவைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

இனி, கலை என்ற அளவில் அந்தச் சேர்க்கையை மதிப்பிடுவோம். புகழ்பெற்ற ஒருவர் உள்ளூர்க் குழுவோடு மேடையேறும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி, யாருடைய தாளத்துக்கு யார் அசைந்தார் என்பது. தினாரிவென் இசை ஒட்டக நடையோடு ஒப்பிடப்படுகிற ஒரு தளர்ந்த தாளத்தில் போவது. ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றிக் கிட்டார் வரும். ஒருவர் பாட மற்றவர்கள் கூட்டாகப் பதில் கொடுப்பார்கள். கைதட்டும் குரவையும் அதற்குள்ளே கலந்திருக்கும். உச்சத்துக்குத் தாவி ஏறுகிற ரொக் பாட்டுக்காரனுக்கு இதில் அதிக வேலை இல்லை. அன்றைய பாட்டும் தாளமும் தினாரிவெனுடையவை. விருந்தாளி அதற்குள்ளே நுழைந்து நின்றார். அந்த வகையில் பொனோ மரியாதையாகத்தான் நடந்துகொண்டார் என்பது என் கருத்து. குறை மேடையில் இல்லை, மேடையைச் சொன்ன விதத்தில் இருக்கிறது.

எனினும் ஒரு பாட்டு நேரம் உடன்நிற்பதும், கூட இருந்து கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. 2011இல் வெளிவந்த 'தஸ்ஸிலி' என்ற இசைத்தட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். அல்ஜீரியப் பாலைவனத்தில், கூடாரத்துக்குள் இருந்து பதிந்தது அது. அமெரிக்காவின் 'டீவீ ஒன் த ரேடியோ' குழுவைச் சேர்ந்த இருவர் அங்கேயே போய்ப் பாடினார்கள். அவர்களுடைய குரல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதில்லை, கூட்டுக்குரலோடு கரைந்து வருகிறது. அவர்களுடைய பெயர் தெரியாதவரும் அந்தப் பாட்டைக் குறைவில்லாமல் கேட்கலாம். விருந்தாளி நல்ல விருந்தாளியா என்பதற்கு என்னுடைய அளவுகோல் இதுதான்.

அடுத்து நடந்ததைத் திகதி வாரியாகப் பார்த்தால் மனம் கனக்கும். விழா முடிந்து சில நாட்களில், ஜனவரி 17 அன்று, ஆஸவாத் விடுதலை இயக்கம் மேனகா நகரைத் தாக்கியது. கிளர்ச்சி மூண்டது. பெப்ரவரியில் 'தஸ்ஸிலி'க்குக் கிராமி விருது கிடைத்தது. அதே பெப்ரவரியில் தலைநகர் பமாக்கோவில் துவாரெக் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரே சமூகத்துக்கு ஒரே மாதத்தில் அமெரிக்காவில் விருது, சொந்த நாட்டில் அடி. மார்ச்சில் இராணுவச் சதிப்புரட்சி. ஏப்ரல் 1இல் திம்புக்டு விழுந்தது. கொஞ்சக் காலத்தில் அன்சார் தீனும் அதன் கூட்டாளிகளும் நகரத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். இறைநேசர்களின் அடக்கஸ்தலங்கள் உடைக்கப்பட்டன. ஒகஸ்டுக்குள் வடக்கு மாலியின் வானொலிகளில் இசை நின்றது. பாடகர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். தினாரிவென் குழுவின் அப்துல்லா அக் லமீதா, தன்னுடைய கிட்டார்களைக் காப்பாற்றப் போய் 2013 தொடக்கத்தில் பிடிபட்டார். பிறகு விடுதலையானார்.

இங்கே எங்களைப் போன்றவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அன்சார் தீனின் தலைவர் இயாத் அக் காலி வெளியிலிருந்து வந்தவர் அல்லர். 1990 துவாரெக் கிளர்ச்சியின் தலைவர் அவர்தான். அந்தக் காலத்தில் தினாரிவென் பாடகர்களோடு பழகியவர். இந்தப் பாடல்கள் என்ன செய்யும், எத்தனை பேரை அசைக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர் இருக்கவில்லை. பாட்டின் வலிமை தெரிந்த ஆளே பாட்டைத் தடைசெய்தார். ஆகவே அந்தத் தடையை வெறும் மார்க்கச் சட்டப் பிரச்சினையாக மட்டும் வாசித்தால் பாதிதான் விளங்கும். மக்கள் எதைச் சேர்ந்து பாடுவது என்பதை ஆயுதம் வைத்திருப்பவன் தீர்மானிப்பதும் அதற்குள்ளே இருந்தது.

இசை கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளும் நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் இசை கேட்டலுக்கு ஒரு தனி நூற்பகுதியே ஒதுக்கி, எதைப் பாடுகிறார்கள், கேட்பவர் எந்த நிலையில் கேட்கிறார் என்றெல்லாம் பிரித்துப் பிரித்துப் பேசுகிறார். அவ்வளவு நுணுக்கமாகப் பேசப்பட்ட ஒரு விடயத்தைத் துவக்கு முனையில் முடித்துவைத்தது என்ன அறிவு என்பதே என் கேள்வி. அதுவும் தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துப் பிரதிகளைக் குடும்பச் சொத்தாகப் பாதுகாத்துவந்த ஒரு நகரத்தில்.

மௌரித்தானியாவில் பிறந்த இயக்குநர் அப்துர்ரஹ்மான் ஸிஸ்ஸாக்கோவின் 'திம்புக்டு' (2014) திரைப்படம் இந்தக் கேள்வியைத் திறமாகக் காட்டுகிறது. இரவில் ஒரு வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. பிடிக்கப்போனவன் காது கொடுத்துக் கேட்கிறான். உள்ளே அல்லாஹ்வையும் நபிகளாரையும் புகழ்ந்து பாடுகிறார்கள். இப்போது பிடிப்பதா விடுவதா என்று மேலிடத்தைக் கேட்க வேண்டிய சங்கடம் அவனுக்கு. பார்க்கிறவருக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். அதே படத்தில் ஆயுதத்தோடு பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர்களை எதிர்த்து நிதானமாகப் பேசுகிறவர் அந்த ஊர் இமாம்தான். பாடியதற்காகக் கசையடி வாங்கும் பெண், அடி விழ விழவே பாடுகிறாள். வெளிநாட்டுப் பிரபலம் யாரும் வந்து காப்பாற்றும் காட்சி படத்தில் இல்லை. பாடுபவரும் முஸ்லிம், தடுப்பவரும் முஸ்லிம், தடுப்பவரைத் தடுப்பவரும் முஸ்லிம்.

செய்திகளில் நாங்கள் இழந்தது இதைத்தான். ஜனவரியில் வந்த செய்தி சமாதானம் பாட வந்த வெள்ளைக்காரரைப் பற்றியது. ஒகஸ்டில் வந்த செய்தி இசையைத் தடைசெய்த தீவிரவாதியைப் பற்றியது. இரண்டிலும் விடுபட்டவர், தகப்பனை இழந்து, தகர டின்னில் கிட்டார் செய்து, அகதியாக அலைந்து, தன் மொழியில் பாடிய முஸ்லிம் கலைஞர். விருந்தாளியை வைத்தோ விரோதியை வைத்தோ மாத்திரமே உலகம் அவரைப் பார்த்தது.

உலகத்தைக் குறைசொல்வது லேசு. எங்கட பார்வை எப்படி? றபானும் பக்கீர் பைத்தும் பொல்லடியும் கிழக்கின் நாட்டார் கவிகளும் எங்களிடம் இருக்கின்றன. ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினால், அதுவரை திரும்பிப் பார்க்காத நாங்களும் அந்த முதியவரைத் தேடிப் போவோம். இல்லாட்டி, இது தேவையில்லாத வேலை எண்டு ஒருவர் சொன்னதும் வாயை மூடிக்கொள்வோம். பாராட்டும் அடுத்தவருடையது, மறுப்பும் அடுத்தவருடையது. அந்தக் கிழவர் என்ன பாடினார், எந்தச் சொல்லை எங்கே நிறுத்தினார், ஏன் அவருடைய வாப்பாவின் காலத்து அடி ஒன்றை மாற்றினார் என்று கேட்டு எழுதிவைத்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் செய்தது பெரிய பணி, அதைத் தொடர ஆள் வேண்டும்.

வடக்கு மாலியில் நடந்தவற்றுக்குப் பிறகு தினாரிவென் தமது அடுத்த இசைத்தட்டைச் சொந்த மண்ணில் பதிய முடியவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜொஷுவா ட்ரீ பாலைவனத்துக்குப் போய், 2014இல் 'எம்மார்' என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். வீட்டுக்காரரே அந்நியப் பாலைவனத்தில் விருந்தாளியானார். அந்த இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. யார் யார் அவர்களோடு கூடப் பாடினார்கள் என்ற விபரத்தைப் பார்ப்பதற்கு முன்னர், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேளுங்கள்.