‘கொண்டாள்’ என்று எழுதும் முன்

மேக்னா குல்சார் இயக்கிய ‘தல்வார்’ (2015) இந்திப் படத்தின் முற்பகுதியில் பலரும் சிரித்திருப்பார்கள். ஒரு சிறுமி கொலையுண்டு கிடக்கும் வீட்டில் யார் யாரோ நடமாடுகிறார்கள். கஜராஜ் ராவ் நடித்திருக்கும் உள்ளூர் காவல் ஆய்வாளருக்கு எதிலும் அவசரமில்லை. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறது. அதைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தச் சிரிப்பின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அசட்டுப் போலீஸ்காரரைப் பார்த்துச் சிரிப்பது நமது சினிமா நமக்குப் பழக்கிவிட்ட ஒன்று. அந்த வீட்டில் நடந்தது வெறும் அசட்டுத்தனம்தானா என்ற கேள்வி சிரிப்பில் கரைந்துபோகிறது.

படத்துக்கு அடிப்படையான நொய்டா வழக்கின் விவரங்கள் நாடறிந்தவை. 2008 மே 16 காலை, பதினான்கு வயது நிறையச் சில நாட்களே இருந்த ஒரு சிறுமி தன் படுக்கையறையில் இறந்து கிடந்தாள். அவள் பெயரை நான் எழுதவில்லை. தேவைக்கு மேல் அது உச்சரிக்கப்பட்டுவிட்டது. உறவினர், அண்டை வீட்டார், செய்தியாளர்கள் என்று வந்தவர்களெல்லாம் வீட்டுக்குள் புழங்கினார்கள். வீட்டு வேலைக்காரரைக் காணவில்லை. ஆகவே அவரே கொலையாளி என்று முடிவாயிற்று. தேடுதல் ஊரைத் தாண்டிப் போயிற்று. மறுநாள் அவருடைய உடல் அதே கட்டிடத்தின் மொட்டைமாடியில் கிடைத்தது.

அந்தக் கதவு ஒருநாள் முழுக்கத் திறக்கப்படாமல் இருந்ததற்குச் சோம்பலைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ‘கொன்றுவிட்டு ஓடிப்போன வேலைக்காரன்’ என்ற கதை காவலர்களுக்கு முன்பே அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போனவனை மாடியில் எதற்குத் தேடவேண்டும்? அந்தக் கதை உடைந்ததும் அடுத்த கதை வந்தது. ஒரு வாரத்தில் தந்தை கைதானார். மூத்த காவல் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, சிறுமியையும் வேலைக்காரரையும் இணைத்துப் பேசினார். அவளுடைய ஒழுக்கத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கினார். அவள் பெயரைக்கூட ‘ஷ்ருதி’ என்று மாற்றிச் சொன்னார். பெயர் தெரியாத அதிகாரிக்கு நடத்தை மட்டும் தெரிந்திருந்தது. முதல் கதையை ஏழையின் மீதான அவநம்பிக்கை எழுதியது என்றால், இரண்டாவதைப் பெண்ணின் மீதான அவநம்பிக்கை எழுதியது.

படத்தில் அந்தச் சிறுமியின் பெயர் ஷ்ருதி. தெரிந்தே வைத்திருந்தால் அது கூர்மையான கேலி. ஆனால் படமும் முழுக்கத் தப்பவில்லை. கொலை எப்படி நடந்திருக்கலாம் என்று வெவ்வேறு விதமாக அது நடித்துக்காட்டுகிறது. ஒவ்வொன்றிலும் ஷ்ருதி மறுபடி சாகிறாள். எதிலும் அவள் ஒரு ஆளாக உருப்பெறுவதில்லை. இறுதியில் படம் பெற்றோர் நிரபராதிகள் என்ற பக்கம் சாய்கிறது. விசாரணை நீதிமன்றம் 2013இல் தண்டித்த அவர்களை அலகாபாத் உயர்நீதிமன்றம் 2017இல் விடுதலை செய்தது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் குற்றத்தைச் சுமத்தப் படம் தேடும் தோள்கள் மீண்டும் வேலைக்காரர்களுடையவையாக இருக்கின்றன. அப்படிச் சந்தேகிக்கப்பட்டுக் கைதான மூவரும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் வெளியே வந்தவர்கள். ஆயத்தக் கதையோடு வந்த போலீஸைக் கேலி செய்யும் படத்தின் சட்டைப்பையிலும் ஒரு ஆயத்தக் கதை இருக்கிறது.

சம்பவ இடத்துக்கு முதலில் போகும் காவலர் செய்யவேண்டியவை எளியவை. உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் கடமை. மற்றவை அதற்குப் பிறகே. உயிர் இல்லையென்றால் இடத்தைக் கயிறு கட்டி அடைக்கவேண்டும். போகவர ஒரே வழி வைத்து, யார் எப்போது வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளவேண்டும். படம் எடுக்கும்வரை எதையும் நகர்த்தக்கூடாது. சாட்சிகளைத் தனித்தனியே உட்காரவைக்கவேண்டும். பக்கத்து அறை, கொல்லை, மாடி எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். தூக்கில் தொங்கும் உடலை இறக்கினால் முடிச்சை அவிழ்க்காமல் அதற்குத் தள்ளிக் கயிற்றை வெட்டவேண்டும், முடிச்சும் சாட்சி என்பதால். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒழுக்கம்: கண் பார்த்து முடிக்கும்வரை கதை சொல்லாமல் இருப்பது.

நொய்டாவை வடநாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் இந்த முதல் பார்வை தமிழில்தான் எழுதப்படுகிறது. பார்வை மகஜர், பிரேத விசாரணை அறிக்கை ஆகியவற்றைத் தமிழ் படித்தவர்கள் ஒரு பிரதியாக வாசித்துப் பழகவேண்டும் என்று என் மாணவியரிடம் சொல்லிவருகிறேன். பார்த்ததை மட்டும் எழுதவேண்டிய பிரதி அது. ‘தூக்கில் தொங்கிய நிலையில்’ என்று எழுதினால் அது பார்த்தது. ‘தூக்குப் போட்டுக்கொண்டாள்’ என்று எழுதினால் அது தீர்ப்பு. நடுவில் இருப்பது ‘கொள்’ என்ற துணைவினை மட்டுமே. செயலைச் செய்தவரும் அதை அனுபவித்தவரும் ஒருவரே என்று அது சொல்லிவிடுகிறது. ‘உடலில் தீக்காயங்கள்’ பார்வை. ‘தீ வைத்துக்கொண்டாள்’ முடிவு. பிரேதப் பரிசோதனைக்கு முன்பே இலக்கணம் வழக்கை முடித்துவிட முடியும்.

அந்தத் துணைவினைக்கு முன்னால் வந்து நிற்கும் காரணத்தையும் நாம் நன்கு அறிவோம்: ‘தீராத வயிற்றுவலி’. செய்தித்தாளின் உள்பக்கத்தில், ஓர் அங்குல அகலத்தில், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வயிற்றுவலியால் செத்துக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றுவலி இல்லையென்றால் ஸ்டவ் வெடிக்கிறது. அதுவும் இல்லையென்றால் ‘வேறு ஒருவருடன் பழக்கம்’. இவை எழுதுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட வாக்கியங்கள்.

இந்த வாக்கியங்களைச் சட்டம் நம்பவில்லை என்பதுதான் பெண்ணியக்கம் பெற்றுத்தந்த வெற்றி. வரதட்சணைச் சாவுகளுக்கு எதிரான போராட்டங்களைத் தொடர்ந்து, 1983இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்தாலோ சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தாலோ, போலீஸ் அறிக்கையோடு விஷயம் முடியாது. நிர்வாக நடுவர் விசாரிக்கவேண்டும். நம் ஊரில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் கோட்டாட்சியர் வந்துசேரும்போது வீடு எப்படி இருக்கும்? பிணம் போன வீட்டைக் கழுவிவிடுவது நம் வழக்கம். கழுவும் வேலையும் பெண்கள் தலையில்தான். தீட்டோடு தடயமும் சாக்கடையில் போய்விடுகிறது. அந்த வாளித் தண்ணீரைத் தடுக்கவேண்டியவர் முதலில் வந்த காவலர். அவர் மனதில் ‘கொண்டாள்’ என்று முன்பே எழுதியிருந்தால் எதற்குத் தடுப்பார்?

பிரேத விசாரணையின்போது அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேராவது உடனிருக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் காலத்துச் சட்டத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அவள் வீட்டில் நேற்று இரவு கேட்ட சத்தம் என்ன என்பது குழாயடியில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். மரியாதைக்குரியவர்களின் பட்டியலில் குழாயடி இடம்பெறுமா?

படித்த பெண்களுக்கு, பெருநகரத்தில், இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்குக் கொல்கத்தா இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் அரசு மருத்துவமனையின் கருத்தரங்க அறையில் ஒரு பயிற்சி மருத்துவர் பிணமாகக் கிடந்தார். மகள் தற்கொலை செய்துகொண்டதாகத் தங்களிடம் தொலைபேசியில் சொல்லப்பட்டது என்று பெற்றோர் சொன்னார்கள். இங்கேயும் அதே ‘கொள்’. காலையில் உடல் கண்டெடுக்கப்பட்டது. முதல் தகவல் அறிக்கை இரவில்தான் பதிவாயிற்று. ஏன் இந்தத் தாமதம் என்று உச்சநீதிமன்றமே கேட்கவேண்டியிருந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும், அதைக் காணொளியாகப் பதிவுசெய்யவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டுவரை அவகாசம் உண்டு. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அது குற்றம் என்று யாராவது முதலில் நினைத்தால்தானே நிபுணரை அழைப்பார்கள்? ‘தற்கொலை’ என்று முடிவான வீட்டுக்குக் கேமரா பிந்தித்தான் வரும், வந்தாலும் கழுவிவிட்ட தரையைத்தான் படம்பிடிக்கும். கருவி கடைசியில் ஒரு மனிதரின் முதல் நினைப்பை நம்பியே இருக்கிறது.

ஆகவே காவலர் பயிற்சியில் கயிறு கட்டச் சொல்லித்தருவதோடு வாக்கியம் எழுதவும் சொல்லித்தரவேண்டும். எது கண்ணால் கண்டது, எது காதில் விழுந்தது, எது தானே நினைத்தது என்று மூன்றையும் பிரித்தெழுதத் தெரியாதவரைச் சம்பவ இடத்துக்கு அனுப்பக்கூடாது. நம் பக்கம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை தகவல் தந்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இருக்கிறது. தோழிக்கோ தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ ஏதாவது நேர்ந்தால், அழுகைக்கு நடுவிலும் அந்த நகலைக் கேட்டு வாங்கச் செய்யுங்கள். கூடவே உட்கார்ந்து வாசியுங்கள். வினைச்சொற்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டு, இதை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.