பிகிலில் இல்லாத வேன்

'பிகில்' படத்தை நீங்கள் தியேட்டரில் பார்க்காவிட்டாலும் டி.வி.யில் எப்படியும் பார்த்திருப்பீர்கள். 2019 தீபாவளிக்கு வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். விஜய் இருக்கிறார், ரஹ்மான் இருக்கிறார், ஜாக்கி ஷெராஃப் வில்லத்தனம் பண்ணுகிறார். நடுநடுவே ஃபுட்பாலும் இருக்கிறது. படத்தின் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அதைச் சொல்ல உங்களை ஒரகடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் புல்லட், இன்னொரு பக்கம் டயர் என்று தயாரித்துத் தள்ளுகிற ஊர். ரோடு பூரா ஷிஃப்ட் பஸ். வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் பதினெட்டுப் பேரைச் சேர்த்து, பதிமூன்று வயதுக்குட்பட்ட டீம் ஒன்றை நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து வாங்கியாச்சு. ஜெர்ஸிக்கு ஒரு பேக்கரிக்காரர் சம்மதித்துவிட்டார். சரி, எங்கே போய் ஆடுவீர்கள்?

மைக்கேல் ராயப்பனுக்கு இந்தக் கேள்வியே வரவில்லை. அவர் கையில் கிடைப்பது தமிழ்நாடு டீம். மாநில அணி என்றால் தேசியப் போட்டிக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. நேரே டெல்லி. கிளப் நடத்துகிறவனுக்கு அப்படி இல்லை சார்.

சென்னை லீகை நடத்துவது சென்னை சங்கம்; நீங்கள் இருப்பதோ காஞ்சிபுரம் மாவட்டம். சுப்ரதோ கோப்பை 1960-லிருந்து நடக்கிறது, ஆனால் அது பள்ளிக்கூடங்களுக்கு. உங்கள் பதினெட்டுப் பேரும் ஐந்தாறு ஸ்கூலில் படித்தால் டீமே உடைந்துவிடும். அகில இந்திய சம்மேளனத்தின் யூத் லீகுக்கு ஆசைப்பட்டால் அகாடமி அங்கீகாரம், ஸ்டார் மதிப்பீடு என்று பேப்பர் வேலை. வயதில் சந்தேகம் வந்தால் பையனின் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள்.

மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை நாக்-அவுட் டோர்னமென்ட். பரிசுக் கோப்பை ஆள் உயரம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினாறு டீம் வந்தால் மொத்தம் பதினைந்து மேட்ச். எட்டு டீம் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த அப்பா, வாடகை வேன், பொட்டலம் கட்டின லெமன் சாதம், ஐம்பது கிலோமீட்டர் பயணம்... எல்லாம் ஒரு மணி நேரத்தில் காலி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பையன்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. அதே பதினாறு டீமை நாலு பிரிவாகப் பிரித்து லீகாக நடத்தினால் ஆளுக்கு மூன்று மேட்ச் நிச்சயம். நடத்துகிறவர்களுக்கு கிரவுண்டு வாடகை, ரெஃப்ரி படி எல்லாம் கூடும். அதனால் மாட்டார்கள்.

பெரிய லீகில் சேர்ந்துவிட்டால் மட்டும் விடிந்துவிடுமா? பத்துக்குப் பூஜ்யம் என்று வாராவாரம் உதை வாங்கினால் பையன் மூன்றாவது வாரம் வயிற்றுவலி என்பான். கத்துக்குட்டிகளோடு ஆடிப் பத்துப் பத்தாக அடித்தால் பெற்றோருக்குப் பெருமை. பையன் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டான். நார்வேயில் பதினோரு வயது ஆகும்வரை பாயின்ட்ஸ் டேபிளே போடக் கூடாது என்று விதி. நம்மூரில் போட்டால் முதல் எதிர்ப்பு அப்பாக்களிடமிருந்துதான் வரும்.

இதெல்லாம் சினிமாவுக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். தாராளமாக ஆகும். 'பிகில்' வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், அதே 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்து இந்தியன் விமன்ஸ் லீகைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த லீகே 2016-17 சீசனில்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எவ்வளவு திறமை இருந்தாலும் பெண்கள் கிளப்புக்கு தேசிய லீக் என்று ஒன்று கிடையாது. லீக் பிறந்தது, டீம் வந்தது, கோப்பை வந்தது. இந்த வரிசையில் எவ்வளவு நாடகம் இருக்கிறது! அட்லீக்கு அது தேவைப்படவில்லை. ஆசிட் வீச்சு, அரிவாள், அப்பா ராயப்பன் என்று வேறு பண்டங்கள் நிறைய வைத்திருந்தார்.

அதே வருஷம் டிசம்பரில் வந்த சுசீந்திரனின் 'சாம்பியன்' வடசென்னை மண்ணில் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது. இடைவேளைக்கு அப்புறம் ஹீரோ பந்தை ஓரம்கட்டிவிட்டு அப்பாவுக்காகப் பழிவாங்கக் கிளம்பிவிடுகிறார்.

ஒரே ஒரு காட்சி கேட்கிறேன். கோச்சும் நாலு அப்பாக்களும் டீக்கடையில் உட்கார்ந்து, சென்னையா காஞ்சிபுரமா, லீகா நாக்-அவுட்டா, வேன் காசு யார் கொடுப்பது என்று சண்டை போடுகிற காட்சி. பாட்டு வேண்டாம்.