லயத்து ஜெபம் வளர்த்த விசுவாசம்

ஈப்போவுக்கு அருகே, ஈய லம்பமும் பால்மரமும் வாழவைத்த ஊர் லகாட். அதைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரே சபையினர் அல்லர். விசுவாச வாழ்வுக்கு ஒவ்வொரு மரபும் ஓர் அளவுகோல் வைத்திருந்தது.

கத்தோலிக்கருக்கு அடித்தளம் திருவருட்சாதனங்கள்: ஞானஸ்நானம், பூசை, பாவசங்கீர்த்தனம். அந்தியில் ஜெபமாலை. வட பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றிய பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே, 1896-இல் மலாக்கா ஆயரானார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்துவிட, பூசையும் தமிழாயிற்று.

லுத்தரன்களின் வேர் தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றை வீட்டுத் தலைவரே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றுதான் 1529-இல் லுத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அறிந்து விசுவாசிப்பதே இங்கு அளவுகோல்.

மெதடிஸ்டுகள் ஒழுங்கைப் பார்த்தார்கள். சிறு குழுவாகக் கூடி, ஒருவர் ஆத்தும நலனை மற்றவர் விசாரிப்பது அவர்களின் நிறுவனர் வெஸ்லி வகுத்த முறை. 1885-இல் சிங்கப்பூரில் காலூன்றிய அவர்கள் பணி, 1895-இல் ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தந்தது. பின்னால் வந்த பெந்தெகொஸ்தே சபைகள் உபவாச ஜெபத்தையும் சாட்சியையும் முன்னிறுத்தின.

இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவே தோட்டம் ஒரு பாடம் கற்பித்தது. குருவோ போதகரோ எப்போதாவதுதான் வர முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியாரும், லயத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபித்த தாய்மாரும்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறியபோது கோயில் கூடவே பெயர்ந்து வரவில்லை. குடும்ப ஜெபம் வந்தது.

எனவே வளர்ச்சியைக் கட்டடத்தாலோ கூட்டத்தாலோ அளப்பது போதாது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆவியின் கனிகளாக ஒன்பதைச் சொல்கிறார். அன்பு முதலாவது, இச்சையடக்கம் கடைசி. ஒன்றுகூட ஆலயத்துக்குள் மட்டும் விளைவதல்ல. கோபத்தை அடக்கிய தகப்பனிடமும், அயலாரின் நோயில் இரவு விழித்திருக்கும் பெண்ணிடமும் அவை தெரியும்.

தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். இரவில் வேதத்தின் ஓர் அதிகாரத்தை அவர்களோடு எழுத்துக்கூட்டி வாசிப்போம், வாசித்ததைக் குறித்து ஒரு கேள்வி கேட்போம், சேர்ந்து ஜெபிப்போம். சபை எதுவானாலும், அடுத்த தலைமுறைக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது.