சோதனைச்சாலை ரோபோவும் வகுப்பறைப் பிள்ளைகளும்

‘நாவோ’ என்பது பிரெஞ்சு நாட்டில் உருவான, ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் உயரமுள்ள ரோபோ. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை ஆட்டிசம் உள்ள ஐந்து குழந்தைகளோடு பழகவிட்டு, கண்ட பயனை 2012-ஆம் ஆண்டு மலாக்காவில் கூடிய அறிஞர் மாநாட்டில் வெளியிட்டனர். வழக்கமான வகுப்பில் காணும் ஆட்டிசக் குறிகள், ரோபோவின் முன்னிலையில் ஐவருள் நால்வரிடம் குறைந்தன என்பது அவர்தம் முடிபு.

முடிபு நல்லதே. ஆயினும் அது ஒரே அமர்வில் கண்டது. புதிய ஆசிரியர் வந்த முதல் வாரத்தில் எந்த வகுப்பும் அடக்கமாகத்தான் இருக்கும்! ஆய்வாளர்களே அதனைத் ‘தொடக்க எதிர்வினை’ என்று தலைப்பிட்டது நேர்மை. பின்வருவோர் முடிந்த முடிபாக எடுத்தாண்டால் அது பிழை.

ஜப்பானியர் கண்டாவும் அவர் தோழர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உரைகல். ‘ரோபோவி’ என்னும் இயந்திரத்தை அவர்கள் ஒரு தொடக்கப்பள்ளியிலேயே இரு வாரம் விட்டனர். முதல் வாரம் மொய்த்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் இரண்டாம் வாரம் விலகினர். பின்னும் விடாது பழகியவர்க்கே ஆங்கிலம் ஏறியது. ஒரே நாளில் ஆய்வை முடித்திருந்தால் இவ்விரண்டும் வெளிவந்திரா.

சோதனைச்சாலையில் வேறொரு வசதியும் உண்டு. ரோபோ தானே பேசுவதுபோல் தோன்றும். பல ஆய்வுகளில் மறைவிலிருந்து ஒருவர் இயக்குவார். பொம்மலாட்டம் குற்றமன்று, ஆனால் கயிறு பிடிப்பவரை வகுப்பறைக்கு யார் அனுப்புவார்? ஆங்கிலக் குழந்தைகளின் பேச்சையே இயந்திரம் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. வீட்டில் தமிழும் கடையில் மலாயும் கலந்து பேசும் ஜாசின், கெமெண்டோர் பிள்ளைகளின் நிலை என்னவாகும்?

யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சரியான கேள்வியைக் கேட்டது. 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம், நாள்தோறும் 30 நிமிடம் ரோபோ பழகியது. ரோபோ அருகில் இல்லாதபோதும் பெரியவரோடு கவனம் செலுத்துவதில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்புநோக்க வேறு குழு இல்லாதது அதன் குறை.

இவ்வுண்மை மலாக்காவுக்குப் புதிதன்று. பால்மரத்தைக் கெடுக்காமல் வெட்டும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி கண்டார். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்ட பின்னரே அம்மரம் இந்நாட்டில் தோட்டப் பயிராயிற்று.

துரியான் துங்காலில் இன்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்ப்பள்ளிகள். ஒரு தவணை முழுவதும் ஒரு வகுப்பில் ரோபோவை விட்டு, மின்சாரம் நின்ற நாளையும் பிள்ளைகள் சலித்த நாளையும் ஏட்டில் குறித்து, வகுப்பாசிரியரையும் ஆய்வாளருள் ஒருவராகச் சேர்ப்பது அங்கிருப்போர்க்கு அரிய செயலா?