பட்டத்துக்குப் பின்னால் நிற்கும் விசா

காஞ்சிபுரம் மாவட்டச் சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்திலேயே ஒரகடம். 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் என்று உலகப் பெயர்கள் அங்கே ஆலை போட்டன. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வரும் மெக்கானிக்கல் பட்டதாரி, டிரெய்னி காலம் முடிவதற்குள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறார். காரணம் கேட்டால் மூன்று பதில்கள் வரும்: இங்கே சீட் இல்லை, தரம் இல்லை, அங்கே வேலை உண்டு.

முதல் பதில் மருத்துவத்துக்குச் செல்லும், பொறியியலுக்குச் செல்லாது. கலந்தாய்வு முடிந்த பிறகும் பொறியியல் இடங்கள் ஆண்டுதோறும் காலியாகக் கிடக்கின்றன. மொத்தக் கணக்கிலும் இடப் பஞ்சம் தெரியவில்லை: 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%.

உரக்கச் சொல்லப்படுவது தரம்தான். அதைச் சோதிக்கப் பிரிட்டன் வரலாறு போதும். படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்கத் தந்த அனுமதியை 2012இல் அந்நாடு நிறுத்தியது. அங்கே படித்த இந்திய மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2021இல் அனுமதி திரும்பியது. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழகங்கள் கெடவுமில்லை, திருந்தவுமில்லை. மாறியது விசா விதிதான். ஆகவே மூன்றாவது பதிலே வெளிநாடு போகும் கூட்டத்தின் உண்மையான காரணம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. அதற்குத் தரம் என்று பெயர் சூட்டுவதுதான் பிசகு.

ஆனாலும் தர வாதத்தை அடியோடு தள்ளுவது நியாயமாகாது. ஒரகடத்திலேயே உலக வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மகிந்திரா சிட்டியில் ரெனோ–நிசானின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஆய்வே இல்லை என்பது பொய். ஆனால் அடுத்த வண்டியின் அடித்தளம் எது, எஞ்சின் எது என்ற முடிவு பெரும்பாலும் தலைமையகத்தில்தான் விழுகிறது. முடிவெடுக்கும் அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆசைப்படுவது தொழில் பற்று. கம்பெனிக்குள்ளேயே ஆய்வேடு செய்ய வழி தரும் ஜெர்மன் கல்லூரிகள் இந்த ஆசைக்குப் பொருத்தமானவை.

செலவுக் கணக்கும் ஜெர்மனிப் பக்கமே சாய்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. டெய்ம்லர் டிரக்கின் தலைமையகம் உள்ள பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (blocked account) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. அது செலவாகிவிடும் கட்டணமல்ல, மாதாமாதம் எடுத்துச் சாப்பிடும் பணம். பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்கோ பெரும்பாலும் கடன்தான் வழி. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கி வழக்கமாக ஈடு கேட்கும்; அப்பாவின் மனைப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரும். கன்சல்டன்சிகள் எதைப் பரிந்துரைக்கின்றன என்று பாருங்கள். கமிஷன் கொடுப்பவை கட்டணக் கல்லூரிகள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கொடுப்பதில்லை.

கல்வி என்ற அளவில் கடனில் வாங்கும் ஓராண்டுப் பட்டம் தேறவில்லை. வேலைக்கான அனுமதியாக மட்டும் அது செல்லும், அதுவும் விதி மாறாதவரை. ஜெர்மன் வழி தேறுகிறது, ஒரு குறையோடு. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வகுப்புகளை நம்பி மொழி கற்காமல் போகிறவருக்குப் பட்டம் கிடைத்துவிடும். இயந்திரத் தொழிலில் வேலை கிடைப்பது கடினம். ஷிப்டு முடிந்த மாலைகளில் ஜெர்மன் படித்துத் தேர்வு எழுதிவிட்டு விண்ணப்பிக்கும் டிரெய்னியின் முடிவில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.