பட்சிராஜனும் ஒரு ராபின் பறவையும்

ஷங்கரின் '2.0' (2018) படத்தில் மனதில் நிற்பது ரஜினி இல்லை. அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜன்தான். பறவைகளுக்காக மனு கொடுத்து, வழக்குப் போட்டு, எல்லா இடத்திலும் தோற்று, கடைசியில் கைத்தொலைபேசிக் கோபுரத்திலேயே தூக்கு மாட்டிக்கொள்ளும் கிழவர். அந்தப் பகுதி உண்மையிலேயே கலங்கடிக்கிறது. பிரச்சினையும் அதுதான். 'டவர்தான் குருவிய கொன்னுச்சு' என்பது பலருக்குக் கதையாக இல்லாமல் அறிவியலாகவே பதிந்துவிட்டது.

பிரிட்டனில் வீட்டுக்குருவிகள் 1970களிலேயே குறையத் தொடங்கிவிட்டன. அப்போது கைத்தொலைபேசி எங்கே இருந்தது? இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் குருவிகளின் எண்ணிக்கை 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை, கூடு கட்ட இடுக்கு இல்லை என்பவையே அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்கள்.

மனித உடல் விஷயமும் படம் காட்டுகிற மாதிரி நேர்க்கோடு கிடையாது. கைத்தொலைபேசி அலைகளுக்கு மரபணுவின் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லை. உறுதியாகத் தெரிந்த விளைவு, திசு லேசாகச் சூடாவது. 2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இவ்வலைகளை '2பி', அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. அது சான்றின் வலுவைச் சொல்லும் வகை. ஆபத்தின் அளவைச் சொல்வதல்ல. ஆசியப் பாணியில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, மூளைப் புற்றுநோயோடு தொடர்பு எதையும் காணவில்லை.

அப்படியென்றால் இதில் கதையே இல்லையா? இருக்கு. 2014இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், வலசை போகும் ராபின் பறவைகளுக்குத் திசை தெரியவில்லை. அவை இருந்த மரக்குடிலை அலுமினியத் தகட்டால் மூடி, தகட்டைத் தரையிணைப்புச் செய்ததும் திசை மீண்டது. குழப்பியது மின்கருவிகளிலிருந்தும் ஏஎம் வானொலியிலிருந்தும் கசியும் மிகப் பலவீனமான அலைகள். கைத்தொலைபேசி அலைகள் அல்ல. எந்தப் பறவையும் செத்து விழவில்லை. வடக்கு எது என்று தெரியாமல் நின்றது, அவ்வளவுதான். எனக்கு இது பட்சிராஜனின் ராட்சசப் பறவையைவிடப் பயங்கரமாகப்படுகிறது.

ஷங்கர் இந்த நுட்பத்தின் பக்கமே போகவில்லை. ஆரா, தீய சக்தி என்று பேய்க்கதைக்குள் நுழைந்துவிடுகிறார். படம் வெளிவரும் முன்பே இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம், இது அறிவியலுக்குப் புறம்பானது என்று புகார் கொடுத்தது. அவர்களுக்கு அந்த வாதத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்ததே திரைக்கதைதான்.

நமக்கும் இதில் ஒரு வசதி உண்டு. வில்லன் கோபுரம் என்றாகிவிட்டால், இரண்டாவது காரை நிறுத்தத் தாமான் வீட்டு முற்றத்துப் புல்லைப் பெயர்த்துச் சிமெண்ட் போட்டது யாரென்று யாரும் கேட்கப்போவதில்லை. சூழலியலை எழுத வரும் இளம் எழுத்தாளர்கள் அந்தச் சிமெண்டிலிருந்து தொடங்கலாம். அங்கே பேய் தேவைப்படாது.